குளம்பு மட்டும்

கிரேசியானா இதுரால்டே கடைக்குள் வரும்போது
பூட்ஸில் பனி, கையில் ஒரு புகையிலை டப்பா.
அண்ணன் ஆர்னோ உள்ளே வரவில்லை.
ட்ரக்கை அணைக்காமல் வெளியே உட்கார்ந்திருக்கிறான்.
அப்பா அவனுக்கு விட்டுப்போனது அந்த ட்ரக்.
இவளுக்கு இந்த ஐந்து சென்ட்.
"ரெண்டும் ஒரே விலை" என்றாராம்,
ஆக்சிஜன் குழாயை விலக்கிக்கொண்டு.

பஞ்சுக்குள் இருந்தது. 1937.
காட்டெருமையின் காலடியில், எழுத்துகளுக்கும் கீழே,
டென்வரைச் சொல்லும் குட்டி டி.
எருமைக்கு மூன்று கால்.

எல்கோவில் இந்தக் கதை தெரியாதவர் குறைவு:
டென்வரில் எவனோ ஒருவன்
அச்சில் விழுந்த வடுவை அழிக்கப் போய்
கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டான்.
முன்வலக்கால் போயிற்று, குளம்பு மட்டும் நின்றது.
அதன்பின் அந்த அச்சில் பிறந்ததெல்லாம்
அச்சு அசலாக மூன்று கால்.

பிறந்த பிறகு போவது வேறு கணக்கு.
முதலில் கொம்பு நுனி, பிறகு இடுப்பு,
மறுபக்கத்து மனிதனுக்குக் கன்னம், பின்னலின் முடிச்சு,
கடைசியில் வருடம்.
அதற்கெல்லாம் யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள்.

லென்ஸ், பத்து மடங்கு.
விளக்கைச் சாய்த்தேன்.
நிஜமானதில் வயிற்றுக்கடியில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்
வரிசையாகத் தரைக்கு இறங்கும்,
எருமை நின்றபடி மூத்திரம் பெய்வதுபோல்.
(முப்பது வருடமாகத் தேடுகிறேன்,
பெண்களிடம் சொல்ல வேறு உவமை கிடைக்கவில்லை.)
பின்னங்கால் பூச்சி அரித்ததுபோல் மெலிந்திருக்கும்.

இதில் பின்னங்கால் கொழுகொழு.
புள்ளி ஒன்றுகூட இல்லை.
கால் இருந்த இடத்தில் லேசான பள்ளம்,
குறுக்கே ஏழெட்டுக் கீறல்.
அச்சில் போனது காசில் பள்ளம் விடாது.
ஆனால் குளம்பை விட்டுவைத்திருக்கிறது
விஷயம் தெரிந்த ஏதோ ஒரு கை.

"கத்தி" என்றேன்.

"அப்பாவிடம் கத்தி இருந்தது" என்றாள்.
"ஆடு மேய்த்த எல்லாரிடமும்தான் இருந்தது.
ரூபி மலையில் ஆஸ்பென் பட்டையில்
அவர் பெயர் இன்னும் இருக்கு.
பக்கத்தில் ஒரு குதிரை.
அதுக்கு நாலு கால்."

மறுபடி குனிந்தேன்.
முதல் பதிலோடு லென்ஸை மூடியதற்கு
இந்த மேஜையில் நிறைய அபராதம் கட்டியிருக்கிறேன்.
புதுக் கீறல் வெளிச்சத்தில் பளிச்சென்று கத்தும்.
இவை கத்தவில்லை.
விளிம்பு மழுங்கி, விலா எலும்பின் அதே சாம்பலில்
அமைதியாகக் கிடந்தன.
வெட்டுப்பட்ட பிறகுதான் இது தேய்ந்திருக்கிறது,
கால்சட்டைப் பையில், சாவியோடும் புகையிலைத் தூளோடும்
ஐம்பது அறுபது வருடம்.

"ரொம்பப் பழைய வெட்டு.
உங்கள் அண்ணன் பிறப்பதற்கும் முன்னால் இருக்கலாம்."
"யார் வெட்டினது?"
"காசுக்குத் தெரியாது."

குட்டியீனும் பருவத்துக் கூலிக்குப் பதிலாக
எவனோ தலையில் கட்டியிருக்கலாம்.
அல்லது மண்ணெண்ணெய் விளக்கில், பனி நின்ற ஓர் இரவில்
தானே செதுக்கி,
தான் பிடித்த எருமைக்கு மூன்றே கால் என்று
ஆயுள் முழுக்கச் சாதித்து,
கடைசியில் நம்பியும் இருக்கலாம்.
இதில் எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

விலை கேட்டாள்.
ஐந்து சென்ட்.
எதிரே சூதாட்ட விடுதியின் இயந்திரங்கள்கூட
இப்போது காசு விழுங்குவதில்லை.

அட்டையில் எழுதித்தரச் சொன்னாள்.
'செயற்கை மாற்றம்' என்று இரண்டு சொல் போதும்,
வழக்கம் அதுதான், நாணயமும் அதுதான்.
கூட ஒரு வரி எழுதினேன்:
வெட்டு தேய்ந்துள்ளது. நெடுங்காலம் பையில் இருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
ட்ரக்கின் கண்ணாடியைத் தட்டினாள்.
ஆர்னோ உள்விளக்கைப் போட்டான்,
அட்டையை இரண்டு முறை படித்தான்,
பிறகு காசைக் கண்ணருகே கொண்டுபோய்
லென்ஸ் இல்லாமல்
மனிதத் தலை இருக்கும் பக்கத்தில்
கால் தேடிக்கொண்டிருந்தான்.